குடை பிடித்த எட்டுப் பக்கங்கள்

ஒரு நாவலின் கடைசி எட்டுப் பக்கங்களைக் கிழித்தவன் நான். ஒரு பிரதியில் அல்ல, ஆறு பிரதிகளில். கிழித்த இடத்தில் நானே எட்டுப் பக்கம் அச்சடித்து ஒட்டி, அசல் ஆசிரியரின் பெயரிலேயே ஊருக்கு வாடகைக்கு விட்டேன்.

சொல்லிவிட்டேன்!

பத்து ஆண்டுகளாக இந்த மூன்று வாக்கியங்களும் தொண்டையில் நின்றன. வெளியே வந்த பிறகு பார்த்தால் எவ்வளவு சின்னவை... ஆனால் அவசரப்பட்டு மன்னித்துவிடாதீர்கள். இது குற்றத்தின் முதல் பாதி மட்டுமே. கிழித்ததை நீங்கள் மன்னிக்கலாம். அதற்குப் பிறகு ஒரு மேடையில் உட்கார்ந்து நான் செய்ததை என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் வில்லியனூரில் ஒரு நாளிதழுக்கு ஏஜெண்ட். அதே நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் புதுச்சேரியில் அச்செழுத்துக் கோக்கும் கம்போசிட்டராகவும் பிழை திருத்துபவனாகவும் இருந்தவன். கடைத்தெருவில் ஓர் அச்சகத்தின் முன்னறையில் வாடகை நூல் நிலையம் வைத்திருந்தேன். பின்னறையில் கல்யாணப் பத்திரிகை அச்சாகும். முன்னறையில் கொலையும் காதலும் காட்டேரியும் வாடகைக்குப் போகும்.

என்னிடம் ஒரே ஒரு சொத்து இருந்தது. நான் எழுதிய செய்தியில் தவறு இருக்காது. கொம்யூன் அலுவலகத்தைப் பழைய வழக்கப்படி 'மேரி' என்று அழைத்த பெரியவர்கள்கூட, "பேப்பர்காரர் சொன்னா அது ரெஜிஸ்டர் பண்ண மாதிரி" என்பார்கள். மாடு முட்டிய செய்தியில் மாட்டின் நிறம் சரியாக இருக்கும். இறந்தவரின் இனிஷியல் சரியாக இருக்கும். அந்தப் பெயரைத்தான் கள்ள நோட்டாக மாற்றினேன்.

எதற்காக? சிரிக்காமல் கேளுங்கள்... ஒரு ரத்தக்காட்டேரியின் உயிரைக் காப்பாற்ற.

ஜமீன்தார் பூபதி என்று ஒரு பாத்திரம். பகலில் சவப்பெட்டியில் தூங்குவார், இரவில் ரத்தம் குடிப்பார். வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு நாவல் வரும். முதல் ஐந்து நாவல்களில் அவர் வில்லியனூரையே தூங்கவிடவில்லை. காய்கறி விற்பவர் முதல் கணக்குப் பிள்ளை வரை படித்தார்கள்.

எல்லோருக்கும் முதலில் படிப்பவள் சரோஜா. கடைத்தெருவில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். வெயிலில் ஒரு பெரிய கறுப்புக் குடையை, அப்பாவுடைய மரக்கைப்பிடிக் குடையைப் பிடித்துக்கொண்டு வருவாள். வாரத்துக்கு மூன்று முறை. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, உள்ளே வந்து, போன முறை எடுத்த புத்தகத்தைப் பற்றி ஒரு வரி சொல்வாள். அந்த ஒரு வரிக்காக நான் வாரம் முழுவதும் கடையைத் திறந்து வைத்திருந்தேன் என்பது ஊருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

"உங்க பேப்பர்ல நீங்க எழுதறதையும் படிக்கிறேன் சார்," என்றாள் ஒரு நாள்.

"எப்படி இருக்கு?"

"சவுக்குக் கட்டை மாதிரி. நேரா இருக்கு. வளையாது. பூக்காது."

நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஐந்தாம் நாவலைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "அடுத்த கதையில பூபதிய கொன்னுடுவாங்க போல இருக்கு சார். கொன்னாங்கன்னா வைங்க, நான் கதை படிக்கிறதையே வுட்டுடுவேன். வூட்ல உக்காந்து அப்பளம் இடப் போறேன்."

அப்பளம்! அந்தச் சொல் எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? வாசலில் இனிக் குடை சாயாது என்று கேட்டது.

ஆறாம் நாவல் ஒரு சனிக்கிழமை முற்பகல் பஸ்ஸில் கட்டாக வந்தது. பெயர் 'பூபதியின் விரதம்'. ஆறு பிரதிகள். நின்றபடியே படித்தேன். பூபதி ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குத் திருடப் போகிறார். அங்கே எஸ்தர் என்ற நர்ஸைப் பார்க்கிறார். காதல்! ரத்தத்தை விட்டுவிடுகிறார். பீட்ரூட் சாறு குடிக்கிறார். கடைசி அத்தியாயத்தில் எஸ்தர் அவர் யாரென்று அறிந்து, விடியற்காலை அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். வெயில் வருகிறது. வாசற்படியில் ஒரு பிடி சாம்பல். முற்றும். கீழே கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு: பூபதி வரிசை இத்துடன் நிறைவடைகிறது.

நேர்மையாகச் சொல்கிறேன்: அது மோசமான முடிவு அல்ல. எழுதியவருக்கு அதை எழுத எல்லா உரிமையும் இருந்தது. எனக்கு அதைப் படிக்கும் உரிமை மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை சரோஜா வருவாள். அச்சக உரிமையாளர் குடும்பத்தோடு வீராம்பட்டினத்துக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். சாவி என்னிடம். அந்த நாவலின் எழுத்தும் எங்கள் அச்சகத்தின் எழுத்தும் ஒரே அளவு, ஒரே வார்ப்பு. சாணித்தாள் ரீம் மூலையில் கிடந்தது. கடைசி எட்டுப் பக்கம் தனி மடிப்பு. பக்கவாட்டில் இரண்டு கம்பி. அட்டையைப் பசையிலிருந்து விடுவித்தால் கழன்று வந்துவிடும்.

இவை எல்லாம் தற்செயலாகச் சேர்ந்து வந்தன என்றா சொல்கிறேன்? இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன். எது தடுக்கும் என்று பார்த்தேன். எதுவும் தடுக்கவில்லை.

சரோஜாவின் பிரதியில் மட்டும் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் நிருபன். ஒரு சாட்சி மட்டும் வேறு கதை சொன்னால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வான். ஆறு சாட்சிகளும் ஒரே கதை சொல்ல வேண்டும். ஆறையும் கிழித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த எட்டுப் பக்கத்தை நான் எழுதவே இல்லை. பேனா எடுக்கவில்லை. எழுத்துப் பெட்டியின் முன் நின்று, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து நேரே கோத்தேன். கை முந்திப் போனது, மனம் பின்னால் ஓடியது. சனி பிற்பகலும் ஞாயிறு முழுவதும்! அந்தப் பதிப்பகம் வழக்கமாக விடும் பிழைகளைக்கூட அங்கங்கே விட்டேன். நான்கு ஆண்டுகள் பிழை திருத்தியவன் முதன்முறையாக வேண்டுமென்றே பிழை செய்தேன்... எவ்வளவு இனிமையாக இருந்தது, தெரியுமா!

என் முடிவில் எஸ்தர் கதவைச் சாத்துகிறாள். உண்மைதான். பூபதி படியில் நிற்கிறார். கிழக்கு வெளுக்கிறது. அப்போது கதவு திரும்பத் திறக்கிறது. அவள் கையில் குடை. கறுப்புக் குடை, மரக்கைப்பிடி. வாசலிலிருந்து வயல் வரப்பு வழியாக இருவரும் நடக்கிறார்கள். வெயில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அவள் குடையைச் சாய்க்கிறாள். கடைசி வரிகள் இவை:

"பூபதி சாம்பலாகவில்லை. குடை கறுப்பு. நிழல் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது."

சவுக்குக் கட்டை பூத்துவிட்டது என்று நினைத்தேன். எழுத்துகளைப் பிரித்து மறுபடி பெட்டியில் போட்டேன். ஒரு தடயமும் இல்லை. கிழித்த பக்கங்களை மட்டும் எறிய மனம் வரவில்லை. அவற்றைப் பழைய புரூஃப் கட்டுக்குள் செருகினேன்.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அது நாவலின் முடிவே அல்ல. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே காதல் கடிதம். அதை இன்னொருவர் பெயருக்குக் கீழே வைத்து, நாள் வாடகைக்கு விட்டேன்!

திங்கள் காலை எடுத்துப் போனவள், செவ்வாய்க்கிழமை குடையை மடக்காமலே உள்ளே வந்தாள்.

"சார், படிச்சீங்களா? குடை சார், குடை! இந்த ஆளு கைக்குத் தங்கக் காப்பு போடணும். இத்தினி நாளா இவன் பல்லப் பத்திதான் எழுதுவான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நல்லா இருக்கா?" என்றேன். என் குரல் செய்தி வாசிப்பது போல இருந்தது. இந்தக் கதையில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அந்தக் குரல்தான்.

ஆனால் ஊர் பிளந்தது. முடிவைப் பற்றி அல்ல, விரதத்தைப் பற்றி. ரத்தம் குடிக்காத காட்டேரியை வில்லியனூர் ஜீரணிக்க மறுத்தது. பாதிப் பேர் அவரைத் தலையில் வைத்து ஆடினார்கள். மீதிப் பேர் என் கடை வாசலில் புத்தகத்தைத் திருப்பி எறியாத குறை. சைக்கிள் கடைக்காரர் கேட்டார், "பீட்ரூட் குடிக்கிறவன் காட்டேரின்னா எங்க வூட்டு எருமை இன்னாபா?" பால் ஊற்ற வந்தவர் சொன்னார், "அவனாச்சும் திருந்தினான், நீ எப்ப திருந்தறது?" முடிவெட்டும் கடையில் ஒரு பாதி மீசையோடு எழுந்து நின்று ஒருவர் வாதாடினார் என்று கேள்விப்பட்டேன். பாதி மீசை என்பதை நேரில் போய் உறுதி செய்துகொண்டேன். உண்மைதான்.

ஆறு பிரதிகளும் உள்ளே தங்கவே இல்லை. ஏற்கெனவே படித்தவர்களும் சண்டைக்கு ஆதாரம் தேடி மறுபடி எடுத்தார்கள். கடை இவ்வளவு கலகலப்பாக இருந்ததே இல்லை. நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மறைக்க மாட்டேன், குற்றவாளி மகிழ்ச்சியாக இருந்தான்!

சரோஜாதான் பட்டிமன்றம் வைக்கலாம் என்றாள். ஊரில் தேர் முடிந்த மறு ஞாயிறு, மேரி அலுவலகத்துக்குப் பக்கத்து மைதானத்தில், கீற்றுப் பந்தலில், மாலை நான்கு மணிக்கு. தலைப்பு: 'ரத்தத்தை விட்ட பூபதி காட்டேரியா, இல்லையா?' காட்டேரியே என்று பேச சரோஜா. இல்லை என்று பேச யார்?

"பாகூர்ல ஒருத்தர் இருக்காராம் சார். தணிகாசலம்னு. கரும்புக்காரர். வெல்லம் காய்ச்சற கொட்டகையில ஆளுங்களுக்குக் கதை படிச்சிக் காட்டுவாராம். ஒரு எழுத்து வுடாம படிப்பாராம். அவர இட்டாரச் சொல்லிட்டேன்."

பாகூரா! பாகூர்க்காரர்கள் புத்தகம் வாங்குவது கடலூரில். கடலூரிலிருந்து வந்த பிரதியில் பூபதி சாம்பல்.

"நடுவர் நீங்கதான்," என்றாள். "இனிஷியல் தப்பாத ஆளு வேற யாரு இருக்காங்க?"

மறுத்தேனா? ஒருமுறை. எவ்வளவு பலவீனமாக என்றால், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது வருகிறது, நான் உங்களிடம் சொல்ல வந்த இரண்டாம் பாதி.

நடுவர் என்ற முறையில் ஒரு விதி வைத்தேன். பேச்சாளர்கள் புத்தகம் கொண்டுவரக் கூடாது. நினைவிலிருந்து பேச வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவர் மேசையில் இருக்கும் ஒரே பிரதியைப் பார்த்து நடுவர் சொல்வார். எல்லோரும் பாராட்டினார்கள். "கோர்ட் மாதிரி நடத்தறாரு பாரு," என்றார்கள். அந்த ஒரே பிரதி எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு பந்தல் நிறைந்தது. பாகூரிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரில் இருபது பேர் வந்து இறங்கினார்கள், எல்லோரும் வெல்லக் கொட்டகை ஆட்கள். தணிகாசலம் ஐம்பதை ஒட்டிய மனிதர். ஒல்லி, வெள்ளைச் சட்டை, கையில் வாழை இலையில் சுற்றிய ஒரு பெரிய வெல்லக் கட்டி. "கெலிச்சவங்களுக்கு இது தம்பி," என்று என் மேசையில் வைத்தார். "நான் கெலிச்சா நானே எடுத்துக்கினு போயிடுவேன், ஆமா."

சரோஜா எழுந்தாள். அவளுடைய முதல் வாதமே பந்தலைத் தூக்கிவிட்டது.

"நம்ம ஊர்ல ஒருத்தர் சாராயத்த வுட்டுட்டாருன்னு வைங்க. பத்து வருசம் ஆவுது. ஒரு சொட்டு தொடல. ஆனா நீங்க இன்னா சொல்றீங்க? குடிகாரன் வூடு எதுன்னு கேட்டா அந்த வூட்டத்தானே கைகாட்டறீங்க? அந்த மாதிரி, ரத்தத்த வுட்டாலும் காட்டேரி காட்டேரிதான்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரையே பார்த்ததைக் குறித்துக்கொண்டேன்.

தணிகாசலம் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். "பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவன்தான் செத்துட்டானே! வாசப்படியில ஒரு புடி சாம்பலாக் கெடக்கறான். சாம்பலாப் போனவன் காட்டேரியா இருந்தா இன்னா, கருவாட்டு யாவாரியா இருந்தா இன்னா?"

அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். வில்லியனூர் தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"செத்தானா?" என்றாள் சரோஜா. "குடை புடிச்சிக்கினு போனானே?"

"எந்தக் குடை?"

"எஸ்தர் குடை!"

"எஸ்தர் கதவ சாத்திட்டாம்மா. தாப்பாளும் போட்டுட்டா."

"தொறந்தாளே!"

"எப்ப தொறந்தா?"

"குடை இருக்கு!" என்று வில்லியனூர் முழுக்கக் கத்தியது. காட்டேரி இல்லை என்றவர்கள், ஆம் என்றவர்கள், இருவரும் சேர்ந்து. அந்த நாவலைப் பற்றி ஊர் ஒன்றுபட்ட ஒரே விஷயம் அதுதான்.

தணிகாசலம் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கொஞ்சமும் கவலை இல்லை. "நடுவர் தம்பி, படிச்சிருங்க. எழுத்து பேசட்டும்."

அந்த நம்பிக்கை! அதைத்தான் என்னால் இன்றும்...

புத்தகத்தைத் திறந்தேன். எனக்கு ஒரு வழி இருந்தது. 'இந்தப் பக்கங்கள் என் வேலை' என்று நான்கு சொற்கள் சொல்லியிருக்கலாம். சரோஜா என் மேசையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றாள். நான் படித்தேன். கதவு திறந்த இடத்திலிருந்து, குடை விரிந்தது, வரப்பு, சாய்ந்த வெயில், இரண்டு பேருக்குப் போதுமான நிழல் வரை.

பந்தல் கடைசி வரி வரை கேட்டது. பிறகு கைதட்டினார்கள். எனக்கு அல்ல, அந்த வரிகளுக்கு. பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் எழுதிய எதற்கும் யாரும் கைதட்டியதில்லை. ஒரு மனிதரைப் பொய்யராக்கிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில் நான் அந்தக் கைதட்டலை முழுக்க அனுபவித்தேன். கிழித்ததைவிட இதுதான் பெரிய குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?

டிரெய்லர் ஆட்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாண்ணே, கடைசில தூங்கிட்டு நீயே ஒண்ணு அடிச்சி வுட்டுட்டியா?"

பந்தல் இடிந்துவிடும் போலச் சிரிப்பு. கவனியுங்கள்: சொந்தமாக முடிவு எழுதிச் சேர்த்தவன் என்று அந்த மேடையில் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. குற்றம் சரி, ஆள்தான் தவறு!

தணிகாசலம் நெற்றியில் கை வைத்து ஒரு கணம் நின்றார். பிறகு அவரும் சிரித்தார். "கொட்டகைப் புகையில கண்ணு கலங்கியிருக்கும்பா. நடுவர் பொய் சொல்வாரா? பேப்பர்காரராச்சே." வெல்லக் கட்டியை எடுத்துச் சரோஜா கையில் கொடுத்தார். அவள் அங்கேயே உடைத்துப் பந்தல் முழுவதும் பங்கு வைத்தாள். முதல் துண்டு அவருக்கு, இரண்டாவது எனக்கு. நல்ல வெல்லம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கடை திறப்பதற்குள் அவர் சைக்கிளில் வந்து நின்றார். அத்தனை தூரம் மிதித்த வியர்வை. கையில் அவருடைய பிரதி. கோபமே இல்லை. புதையல் கண்டவர் போல இருந்தார்.

"பாருங்க தம்பி! எனக்கு ராத்திரி வூட்டுக்குப் போயி எடுத்துப் பாக்கறவரைக்கும் உசுரே இல்ல. சாம்பல்! இருக்கு பாருங்க!"

"இரண்டு விதமா அச்சடிச்சிருக்காங்க அண்ணே," என்றேன். எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பொய்! "கடலூருக்கு ஒண்ணு. எங்களுக்கு ஒண்ணு."

நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? நான்தானே சொல்கிறேன்.

"அப்ப அதக் குடுங்க, படிக்கிறேன்," என்றார். வாசலில் நின்றபடியே அந்த எட்டுப் பக்கத்தையும் படித்தார். ஒரு எழுத்து விடாமல், உதடு அசைய. முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு புத்தகத்தை மூடி, கையில் எடை பார்ப்பது போல வைத்துக்கொண்டார்.

"இது வேற ஆளு எழுதினது தம்பி."

நான் வாடகை நோட்டைத் திறந்தேன்.

"மத்தத எழுதினவரு ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதியிருக்காரு. இவனுக்கு வெயில் தெரியுது. எந்த மணிக்கு எந்தப் பக்கம் சாயும்னு தெரியுது. வயக்காட்டு ஆளா இருப்பான்." என்னைப் பார்த்தார். "நீங்க எந்த ஊரு?"

"உறுவையாறு. விவசாயக் குடும்பம்."

"அப்படியா," என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சைக்கிளில் ஏறும் முன் ஒன்று கேட்டார். "எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணணும் தம்பி. பேப்பர்ல ரெண்டு வரி போட்டுடுங்க. நான் படிச்சதும் சரிதான், பொய் சொல்லலன்னு. கொட்டகையில பசங்க நேத்திலேந்து ஓட்டறானுங்க. நான் புத்தகத்தக் காட்டினா, பேப்பர்காரரு வேற மாதிரி படிச்சாரேங்கறானுங்க. நீங்க போட்டா வாய மூடுவானுங்க."

"போட்டுடறேன் அண்ணே," என்றேன்.

போடவில்லை.

வாசலில் நின்று சொல்வது வேறு, அச்சில் போடுவது வேறு. இரண்டு பதிப்பு என்று அச்சில் வந்தால் பதிப்பகம் மறுக்கும். மறுப்பு வந்தால் சரோஜா படிப்பாள். அந்த வாரம் நான் அனுப்பிய செய்தி இதுதான்: பட்டிமன்றம் சிறப்பாக நடந்தது, வில்லியனூர் அணி வென்றது, வெல்லம் வழங்கப்பட்டது. இனிஷியல்கள் எல்லாம் சரியாக இருந்தன.

பாகூர்ச் சந்தையில் அவருக்கு அன்று முதல் 'குடை தணிகாசலம்' என்று பெயர். அவர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். மழை வந்தால், "குடையண்ணே, எங்கள உள்ள வுடு," என்பார்களாம். இதுவரை கேட்டால் நகைச்சுவைதான். ஆனால் ஓராண்டு கழித்துச் செய்தி எடுக்க அந்தக் கொட்டகைக்குப் போனேன். பாகு கொதிக்கிறது. அவர் ஒரு துப்பறியும் கதையை உரக்கப் படிக்கிறார். இருபது பேரும் வாய் பிளந்து கேட்கிறார்கள். என்ன குரல் அது! கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். புத்தகத்தைத் தன் மகளிடம் கொடுத்தார். "முடிவ நீ படிம்மா," என்றார். அது அங்கே வழக்கமாகியிருந்தது.

என்னைப் பார்த்துச் சிரித்து, பாகில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார். குடித்தேன்.

சரோஜாவின் பங்குக்கு வருகிறேன். பட்டிமன்றம் முடிந்த வாரம் அவள் நாவலாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கு பக்கம். "உங்களுக்குத்தான் விலாசம் தெரியும், போட்டுடுங்க சார்," என்று என்னிடம் கொடுத்தாள். உறை ஒட்டியிருக்கவில்லை. படித்தேன். 'ஐயா, ஒருவரை மாற்றாமல், திருத்தாமல், கேள்வி கேட்காமல், குடையை மட்டும் சாய்த்துப் பிடிப்பது என்று ஒன்று உண்டு என்பதை உங்கள் எழுத்தில்தான் பார்த்தேன்' என்று ஒரு வரி. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

தபாலில் போடவில்லை. யாருக்கு எழுதிய கடிதம் அது? உறையின் மேல் இருந்த பெயருக்கா? அந்த வரிகளை எழுதியவனுக்கா? எனக்கு வந்த கடிதத்தை நான் வைத்துக்கொண்டேன் என்று ஒரு நாள் தோன்றும். திருடினேன் என்று மறுநாள் தோன்றும்.

அவள் மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்தாள். பிறகு, "பெரிய எழுத்தாளருங்களுக்குத் திமிரு சார்," என்றாள். அந்த ஆசிரியரின் புத்தகத்தை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை. தான் எழுதாததற்குப் புகழ் பெற்று, தனக்கு வராத கடிதத்துக்குப் பதில் போடாத குற்றத்தையும் சுமக்கிறார், பாவம், அந்த மனிதர்!

கதை படிப்பதை மட்டும் அவள் விடவில்லை. வாசலில் குடை சாய்ந்தபடி இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் சம்மதிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. கல்யாணப் பத்திரிகையை நானே கோத்தேன்.

இப்போது எங்களுக்கு இரண்டு பெண்கள். வீட்டில் சண்டை வந்தால் சரோஜாவின் கடைசி ஆயுதம் இதுதான்: "அந்தக் குடை மாதிரி ஒரு வரி, ஒரே ஒரு வரி, ஆயுசுல நீங்க எழுதியிருக்கீங்களா?"

"இல்லை," என்கிறேன்.

என் மனைவி என்னை இன்னொருவனோடு ஒப்பிட்டுத் தாழ்த்துகிறாள். அந்த இன்னொருவன் நான்! இதில் சிரிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. சிரித்தால் ஏன் என்று கேட்பாள். முகத்தைப் பேப்பரில் மறைத்துக்கொள்கிறேன்.

இதை அவள் படிப்பாளா? படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். கல்யாணமான பிறகு சவுக்குக் கட்டையை யார் படிப்பார்கள்? கவனித்தீர்களா, இவ்வளவு சொன்ன பிறகும் என் பெயரைச் சொல்லவில்லை. இதிலும் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றை அச்சில் வைத்துவிடுகிறேன், பத்து ஆண்டு தாமதமாக.

திருத்தம்: வில்லியனூர்ப் பட்டிமன்றத்தில், நாவலின் முடிவில் குடை இல்லை என்று பாகூர் தணிகாசலம் கூறினார். அவர் கூறியது சரி. தவறு நடுவருடையது.

இரண்டு வரி கேட்டார். மூன்று ஆகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் ஒரு எழுத்து விடாமல், உதடு அசையப் படிப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்... போகிறேன், அடுத்த வெல்லப் பருவத்துக்குள். ஒவ்வொரு பருவத்திலும் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று நண்பகல் ரேஷன் கடைக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். வாசலில் சரோஜா குடையை விரித்தாள். அதே குடை, துணி மட்டும் இரண்டு முறை மாற்றியாயிற்று. நான் ஓரடி தள்ளி நடந்தேன். அவள் நின்று, குடையை என் பக்கம் சாய்த்தாள்.

"உள்ள வாங்க. சாம்பலாப் போயிடப் போறீங்க."

உள்ளே போனேன். அவளுடைய இடது தோள் வெயிலில் இருந்தது.